உயிருள்ள மரங்களின் எண்ணிக்கை

பாரத்தின் ஏழாவது கட்டம் அது.
முதல் ஆறும் சுலபம்:
பெயர், ஐசி, நில எண், ஏக்கர் இரண்டரை,
வங்கி, கணக்கு எண்.
எல்லாம் குணசேகரனுடையவை.
என் கையெழுத்தில் அவர் ஒழுங்காக இருக்கிறார்.

ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

விடிவதற்குள் சுண்ணாம்பு வாளியோடு இறங்கினேன்.
எண்ணிய மரத்துக்கு ஒரு கோடு,
மறுபடி எண்ணிவிடாமல் இருக்க.
நட்டது நூற்று முப்பத்தாறு செம்பனை.
இடி கொண்டுபோனது ஒன்று.
வாய்க்கால் ஓரம் சாய்ந்தவை நான்கு.
மிச்சத்தில் ஆறு மரங்களின் அடியில்
காது முளைத்திருந்தது.
வார்னிஷ் அடித்த மாதிரி சிவந்து, ஓரம் வெளுத்து,
தரையில் யார் நடந்தாலும் ஒட்டுக்கேட்கும்
காளான் காது.
உச்சியில் குருத்துகள் விரியாமல்
மடக்கிய குடைகளாய் நின்றன.
கத்தியால் தட்டினால்
ஆளில்லாத வீட்டுக் கதவின் சத்தம்.
ஆனாலும் அதில் ஒன்றில் ஒரு குலை.
தேங்காய் அளவுதான்.
பழுத்துத்தான் இருந்தது.

நிபோங் தெபால் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
எடுத்தது புவான் ருஸ்லினா.
"நிற்கிறதா?"
நிற்கிறது.
"காய்க்கிறதா?"
ஒன்று காய்க்கிறது, ஐந்து யோசிக்கிறது.
அந்தப் பக்கம் யாரோ
அச்சு இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
"அக்கா, யோசிக்கிறது என்று
பாரத்தில் கட்டம் இல்லை."

நூற்று முப்பத்தொன்று என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து
எடை மேடையில் ஆ லெங் கேட்டான்:
"எனக்கு ஏறிருச்சு. உனக்கு?"
உதிரிப் பழத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டான்.
பொறாமையில்லாமல் கேட்டான் என்று நினைக்கிறேன்.

அட்டை என்னிடம்.
கணக்கைத் திறக்கும் கைப்பேசி அவரிடம்,
பாசிர் கூடாங் துறைமுகத்தில்.
கப்பலில் எண்ணெய் ஏற்றக்
குழாய் மாட்டும் வேலை அவருக்கு.
எங்கள் குலைகளில் பிழிந்ததும்
அந்தக் குழாய் வழியாகப் போகிறதோ என்னவோ,
அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு
மோட்டாரில் போய் வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் ஒரு வங்காளப் பையன்
எடுத்த நோட்டை மூன்று முறை எண்ணினான்.
என் முறை வந்தது.
திரையில் இரண்டு வெள்ளி நாற்பது காசு.
தொள்ளாயிரம் வந்தது நள்ளிரவு பன்னிரண்டுக்கு.
போனது பன்னிரண்டு நான்குக்கு.
எனக்காக என்றைக்குமே
அவ்வளவு நேரம் விழித்திருந்ததில்லை அந்த மனிதர்.

அன்று அறுப்பு நாள்.
லோரி காத்திருக்காது.
கொக்கிக் கத்தியை நீட்டி நாற்பத்து மூன்று குலை இறக்கினேன்,
ஒவ்வொன்றையும் கொஞ்சம் பலமாகவே.

மத்தியானம் என் கணக்கில் முந்நூறு.
குறிப்பில் ஒரே ஒரு சொல்: உரம்.

அன்பா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு கணக்காகவும் பார்த்தேன்.
உரம் போட்டால் மரம் நிற்கும்,
மரம் நின்றால் ஏழாவது கட்டம் நிரம்பும்,
கட்டம் நிரம்பினால் அடுத்த வருடமும்
ஒருவர் நள்ளிரவில் விழித்திருக்கலாம்.
எப்படிப் பார்த்தாலும் முந்நூறுதான்.

இரண்டு மூட்டை வாங்கினேன்.
மரத்துக்கு ஒரு மைலோ டின் அளவு.
காது முளைத்த ஆறையும் தாண்டி
வாய்க்கால் வரை போய்விட்டுத்
திரும்பி வந்தேன்.
உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தவள் நான்.
எழுதிவிட்டுப் பட்டினி போட முடியுமா?
ஐந்துக்கு அரை டின்.
காய்த்ததற்கு முழுசு.

திங்கட்கிழமை நேரிலேயே போனேன்.
ஆறாவது கட்டத்தை மாற்ற
என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.
புவான் ருஸ்லினா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
இழுப்பறையைத் திறந்தார்.
அதற்கும் ஒரு பாரம் இருக்கிறதாம்.
நில உரிமையாளர் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

அது அவரைவிட
எனக்கு நன்றாக வரும்.